திருவிருந்து மேசையில் விழுந்த வெடிப்பு

பாப்பனங்கோட்டுக்கும் நேமத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட தச்சுப்பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துகிற இருவரும் பெண்கள்: ஜெயபாய், ஓமனா. பத்து வருடத்துக்கு முன்னால் அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுவின் பெண்களுக்குத் தச்சுப் பயிற்சி கொடுத்தபோது பதினான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்கு வெளிநாட்டில் வீட்டுவேலை என்று ஒவ்வொருவராகக் கழன்றுபோய், கடைசியில் இந்த இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

ஜெயபாய்க்கு நாற்பத்தைந்து வயது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கணவன் சிபி கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனிக் கட்டடத்தில் காவலாளி. தச்சுக்கு வருவதற்கு முன் அவள் ஒன்பது வருடம் கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றே வேலை பார்த்தவள். மரவேலையில் அவளுக்குப் பிடித்ததே யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை என்பதுதான். பிடிக்காதது ஒன்று உண்டு. பட்டறைக்குள் நுழைகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மேஸ்திரி இல்லியா?" என்று கேட்பார்கள். பத்து வருடமாகக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சலித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய்த் தங்கிவிடும். ஒரு கட்டிலுக்கு நான்கு ஆணி போதும் என்றால் அவள் ஆறு அடிப்பாள்.

அவள் போகிற சபையில் தமிழ் ஆராதனை. எல்லையோரத்திலிருந்து நகரத்துக்கு வந்து குடியேறிய எழுபது குடும்பங்கள். அந்தச் சபைக்குப் புதிதாக, அப்பமும் திராட்சரசமும் வைத்துக் கொடுக்கும் திருவிருந்து மேசை செய்ய முடிவானபோது, மரத்தைக் கொடுத்தவள் தாசம்மாள்.

தாசம்மாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தாசையனின் வீடு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே, பங்கு தீராமல் கிடந்த பறம்பு நிலத்தில் ஒரு பலா நின்றது. அது யாருடையது என்ற சண்டையில் அக்காவும் தம்பியும் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஒரு காற்றில் அது வேரோடு சாய்ந்தது. தாசம்மாள் ஆளைக் கூப்பிட்டு அறுத்து, பலகைகளைத் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு வருடம் அடுக்கிக் காயவைத்து, சபைக்குக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். கர்த்தருக்கு இருக்கட்டும்" என்றாள்.

"எனக்க மரத்தக் குடுத்து அவ பேரு வாங்குதா" என்று தாசையன் சபை வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னான்.

மேசையை யார் செய்வது என்று சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. கமிட்டி செக்ரட்டரி ஞானசிகாமணி, ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மேஸ்திரியைக் கொண்டுவரலாம் என்றார். தாசம்மாள் எழுந்தாள். "நம்ம சபையில ஜெயபாய் இருக்குது. அவ செய்யலன்னா எனக்க பலகைய நான் திருப்பி எடுத்துட்டுப் போவேன்." வேலை ஜெயபாய்க்கே வந்தது. ஜெயபாய் பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தனக்காக ஒருத்தர் எழுந்து நின்றதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஐந்து பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி மேற்பலகை. கீழே நான்கு கால், சுற்றிலும் சட்டம், நடுவில் இரண்டு குறுக்குச் சட்டம். மேற்பலகையைச் சட்டத்தோடு சேர்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பலகை மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரியும். வேனலில் சுருங்கும். மூன்றடி அகலத்துக்குக் கால் அங்குலம்கூடப் போகும், வரும். நீளத்தில் அப்படி இல்லை. குறுக்குச் சட்டத்தின் நீளம் மாறாது, அதன் மேல் கிடக்கும் பலகையின் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அசையாமல் இறுக்கிவிட்டால் எங்காவது ஓரிடத்தில் பலகை கிழிந்துதான் ஆகவேண்டும். அதனால் ஜெயபாய் சட்டத்தில் வட்டத் துளை போடவில்லை. விரல் நகத்தளவுக்கு நீட்டிய துளை போட்டு, வாஷர் வைத்து, ஸ்க்ரூவை ஒரு நூல் தளர்வாகவே விட்டாள். பலகை நகர்ந்தால் ஸ்க்ரூவும் துளைக்குள் கூடவே நகரும்.

பிரதிஷ்டைக்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. மேசையைப் பீடத்தில் வைத்தாயிற்று. ஞானசிகாமணி வந்தார். கூடக் கமிட்டிக்காரர் மூன்று பேர். அவர் மேற்பலகையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

"இது ஆடுதே?"

"ஆடல சார். மேப்பலகைக்குக் கொஞ்சம் எடம் விட்டிருக்கு. மரம் விரியும், சுருங்கும். அதுக்காக்கும்."

"மரம் வெட்டியாச்சு, அறுத்தாச்சு, காய வச்சாச்சு. பின்ன எங்க விரியப் போவுது? இனி இது நடந்து வெளிய போவுமோ?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர்களில் ஒருவர் தாழ்ந்த குரலில், ஆனால் கேட்கும்படிதான், "ஸ்க்ரூ முறுக்குறதுக்குக் கையில பெலம் வேண்டாமா? பொம்பள வேலையில்லியா" என்றார்.

ஞானசிகாமணி, "சரி, இருக்கட்டும். பின்னால ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து ஆடாம உறப்பிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபிறகு ஜெயபாய் மேசைக்கு அடியில் படுத்தாள். டிரில்லை எடுத்தாள். நீட்டுத் துளைகளுக்குப் பக்கத்தில் சட்டத்தினூடே நேராக எட்டு புதுத் துளை போட்டாள்.

ஓமனா குனிந்து பார்த்து மலையாளத்தில் பதறினாள். "எடீ ஜெயே, எந்தா இது? வேண்டா கேட்டோ. இப்போ மழையாணு, பலக வீர்த்திருக்கு. வேனல் வந்தா பொட்டும்."

"வெடிக்காது."

"நினக்கு அறியாமல்லோ!"

"எனக்குத் தெரியும், நீ கம்முனு இரி" என்றாள் ஜெயபாய். எட்டு ஸ்க்ரூவையும் தலை மரத்துக்குள் புதையும்வரை முறுக்கினாள். எழுந்து வந்து மேற்பலகையைத் தள்ளினாள். ஒரு சத்தமும் இல்லை. கல் மாதிரி நின்றது. அந்த நிமிடம் அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

மேசை பிரதிஷ்டையானது. தாசம்மாள் வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து விரித்தாள். அதுமுதல் ஒவ்வொரு மாதமும் திருவிருந்துக்குத் துணி விரிப்பது அவள் பொறுப்பானது. துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் ஒரு தட்டில் கொண்டுவருவாள்.

பிப்ரவரியில் ஆலயத்துக்கு ஏ.சி. வந்தது. ஜன்னல்களை அடைத்துக் கண்ணாடி போட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே வறண்ட குளிர்.

மார்ச் முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. போதகர் அப்பத்தைக் கையில் எடுத்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, காய்ந்த மூங்கில் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாத்திரம் லேசாக நடுங்கியது. போதகர் ஒரு கணம் நின்று, பிறகு ஜெபத்தைத் தொடர்ந்தார். ஆராதனை முடிந்ததும் துணியை விலக்கிப் பார்த்தார்கள். மேற்பலகையின் நடுவில், ஒரு முனையிலிருந்து மூன்றடி நீளத்துக்கு வெடிப்பு. பத்து ரூபாய் நாணயம் ஒன்றைச் செருகி நிறுத்தலாம்.

பார்த்த உடனே ஜெயபாய்க்குத் தெரிந்தது. ஓமனா வேறு மதக்காரி, அங்கே இல்லை. வேறு யாருக்கும் தெரியாது. ஜெயபாய் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறப்பதற்குள் தாசையனின் குரல் கேட்டது.

"பங்கு தீராத மரமாக்கும். கர்த்தர் ஏத்துக்கல."

அவன் அதைக் கத்திச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். அதனால்தானோ என்னவோ எல்லோரும் நம்பினார்கள். தாசம்மாள் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் ஜெயபாய் சிபியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன், "மரத்த யாரும் குத்தம் சொல்லட்டும், உன்னைச் சொல்லலயே. சொன்னா இனி ஒருத்தனும் பட்டறைப் பக்கம் வரமாட்டான். பொம்பள செஞ்சா இப்படித்தான்னு ஆயிரும்" என்றான். அவள் மனதில் இருந்ததைத்தான் அவனும் சொன்னான். ஆகவே சொல்லாமல் இருப்பது எளிதாக இருந்தது.

ஏப்ரலில் மாதர் சங்கத்தார் துணி விரிக்கும் பொறுப்பை வேறொருத்திக்கு மாற்றினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் தாசம்மாள் பட்டறைக்கு வந்தாள். வெயிலில் நடந்தே வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஜெயா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ மரம் அறிஞ்சவ. எனக்க பலகையில ஏதாவது கொறை உண்டா மக்கா? பூச்சி, பொத்து, அப்படி ஏதாவது?"

"கொறை ஒண்ணும் இல்லக்கா. நல்ல பலா."

"பின்ன ஏன் வெடிச்சுது?"

ஓமனா இழைப்பதை நிறுத்திவிட்டு ஜெயபாயைப் பார்த்தாள். ஜெயபாய் கையில் இருந்த மரத்தூளைத் தட்டினாள்.

"மரம்னா சில சமயம் வெடிக்கும் அக்கா. சொல்ல முடியாது."

தாசம்மாள் தலையாட்டினாள். "கொறை இல்லாத மரம் வெடிக்குதுன்னா, அப்போ கொறை குடுத்தவகிட்டதான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. நோயாளியின் காகிதத்தைப் படித்துச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

அவள் போனதும் ஓமனா, "நீ செய்தது மஹா மோசமாயிப் போயி" என்றாள்.

பிறகு தாசம்மாள் ஆலயத்துக்கு வருவது குறைந்தது. மே மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. பறம்பில் தனக்குள்ள பாதியைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பதிவும் முடிந்துவிட்டது. வீடும் வீட்டைச் சுற்றி நாலடியும்தான் இனி அவளுக்கு. போய்ச் சொல்லிவிடலாம் என்று ஜெயபாய் இரண்டு முறை தாசம்மாளின் தெருமுனைவரை போனாள். சொன்னால் பத்திரம் திரும்பி வருமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்தது. முதல் வாரத்திலேயே ஒரு இடியில் ஆலயத்து ஏ.சி. பழுதானது. வேறு வழியில்லாமல் அடைத்த ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். ஈரக்காற்று தாராளமாக உள்ளே வந்தது. இரண்டாவது ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில், தாசையன் எழுந்து முன்னால் போனான்.

"சகோதரங்களே, எனக்கும் எனக்க அக்காவுக்கும் பதினோரு வருஷத்துக்கு மேல வழக்கு. அவ மனசு மாறி வஸ்துவை எனக்கு எழுதித் தந்தா. பதிவு முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகல. நீங்க வந்து பாருங்க, இந்த வெடிப்பு மூடிக்கிட்டே வருது. மார்ச்சுல காசு நின்ன எடத்துல இப்போ காகிதம்தான் போவும். கர்த்தர் மூடுதாரு."

அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்ததைச் சொன்னான், நம்பியதைச் சொன்னான். சபை "ஸ்தோத்திரம்" என்றது. இரண்டு மூன்று பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஜெயபாய் எழுந்து நின்றாள். எப்படி எழுந்தாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை.

"கர்த்தர் மூடல. மழையாக்கும்."

எல்லோரும் திரும்பினார்கள். போதகர், "என்ன ஜெயபாய்?" என்றார்.

"மழை ஈரத்துல பலகை வீங்குது, அதான் வெடிப்பு சுருங்குது. ஏ.சி. போட்டா மறுபடியும் விரியும். வெடிச்சதும் என்னாலதான். மேப்பலகை நகர எடம் விட்டுத்தான் முதல்ல செஞ்சேன். பொறவு எட்டு ஸ்க்ரூ போட்டு நானே எறுக்கினேன். எறுக்கினா வேனல்ல வெடிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சேன். மரத்துலயும் கொறை இல்ல, தாசம்மாள் அக்காகிட்டயும் கொறை இல்ல."

போதகர் அவளை உட்காரச் சொன்னார். ஆராதனை எப்படியோ முடிந்தது. முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நான்கு பேர் சேர்ந்து மேசையைக் கவிழ்த்தார்கள். நீட்டுத் துளைகளில் தளர்வாக நின்ற பழைய ஸ்க்ரூக்கள், அவற்றின் பக்கத்தில் தலை புதைந்த எட்டு ஸ்க்ரூக்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ திருப்புளி கொண்டுவந்தார்கள். ஜெயபாய் முட்டிபோட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஐந்தாவதைக் கழற்றும்போது மரம் முனகியது. குனிந்து பார்த்தவர்களின் கண்முன்னே வெடிப்பின் இரண்டு ஓரமும் மயிரிழை அளவு நகர்ந்தன.

"நான் ஸ்க்ரூ போடச் சொன்னேனா?" என்றார் ஞானசிகாமணி. அவருக்கு வியர்த்திருந்தது. "எல்லாரும் கேளுங்க, நான் சொல்லவே இல்ல."

"இல்ல சார், நீங்க சொல்லல. ஆடுதுன்னுதான் சொன்னீங்க. போட்டது எனக்க வீம்பு."

தாசையன் கவிழ்ந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ அக்கா எழுதித் தந்தது?" என்று கேட்டான். யாரைப் பார்த்துக் கேட்டான் என்று தெரியவில்லை. அவன் குடையைக் கையில் பிடித்தபடியே, விரிக்காமல், மழையில் இறங்கிப் போனான்.

ஜெயபாய் நேராகத் தாசம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் போய்ச் சேருவதற்குள் யாரோ போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். தாசம்மாள் முன்னறையில் நாற்காலியில் இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, நான்..."

"கேட்டேன்."

"தம்பிகிட்ட நான் பேசுதேன். போதகரையும் கூட்டிட்டு வந்து..."

"வஸ்து போனது போட்டும் ஜெயா. எனக்குப் பொறவு அது யாருக்கு? அவனுக்குத்தானே." மழையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "மூணு மாசம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சின்ன வயசுலேருந்து செஞ்சது ஒவ்வொண்ணா எண்ணி எண்ணிப் பாத்தேன். எந்த நோயாளிக்கு மருந்து பிந்திக் குடுத்தேன், யாருகிட்ட மொகம் சுளிச்சேன், எல்லாம். எதுக்காக இந்த வெடிப்புன்னு கர்த்தர்கிட்ட கேட்டு முட்டிபோட்டுக் கெடந்தேன். அவரு பதில் சொல்லலன்னு நெனச்சேன். பதில் உனக்க கையில இருந்திருக்கு. நான் உனக்க பட்டறைக்கே வந்து கேட்டேன்."

ஜெயபாய் அழுதாள். தாசம்மாள் அவள் அழுவதைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"இப்போ நீ போ" என்றாள். "எனக்குத் தலை வலிக்குது."

மேசையை அவளே சரிசெய்யட்டும் என்று போதகர் கமிட்டியில் பிடிவாதமாகச் சொன்னார். ஜெயபாயும் ஓமனாவும் வெடித்த கோட்டோடு பலகையை அறுத்து, விளிம்பை இழைத்து, மறுபடி ஒட்டினார்கள். பழைய நீட்டுத் துளைகளிலேயே பொருத்தினார்கள். ஒட்டிய இடத்தில் ரேகை ஒன்றோடொன்று சேராமல் ஒரு கோடு தெரிகிறது. பீடத்துக்கு அருகில் போனால் யாருக்கும் தெரியும். ஞானசிகாமணி மேசையைத் தள்ளிப் பார்க்கவில்லை. அந்த மாதம் பட்டறைக்கு உறுதியாகியிருந்த இரண்டு வேலைகள் தட்டிப்போயின. வேண்டாம் என்று சொன்னவர்கள் சபைக்காரர்கள்தான். ஓமனா "சாரமில்ல, வேற வரும்" என்றாள். மெதுவாக வேறு வந்தது. "மேஸ்திரி இல்லியா?" என்று கேட்கிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள்.

தாசையன் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. மனசார எழுதித் தந்ததுதானே என்று அவன் மனைவி பேசினாள். ஆனால் சுற்றுச்சுவர் கட்டக் கொண்டுவந்து இறக்கிய கல் அப்படியே பறம்பில் கிடக்கிறது. அவன் கட்டவில்லை. சாட்சி சொல்லவும் பிறகு எழுந்ததில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் தாசம்மாள் போன் செய்தாள். "அடுக்களைக் கதவு அடைய மாட்டேங்குது. வந்து பாக்க முடியுமா?" அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெயபாய் கருவிப் பையோடு போனாள். கதவு மழையில் வீங்கி நிலையில் உரசியது. "இப்போ அதிகம் சீவினா மழை போனபொறவு எடைவெளி விழும் அக்கா. கொஞ்சம் மட்டும் எடுக்கேன். உரசும். ரெண்டு மாசம் பொறுத்துக்கிடணும்" என்றாள்.

"பொறுத்துக்கிடலாம்" என்றாள் தாசம்மாள்.

தாசம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்ததைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஜெயபாய் சீவிய தூளைக் கூட்டி அள்ளினாள். புறப்படும்போது தாசம்மாள் முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"ஆராதனை பழைய நேரந்தானா?"

"எட்டரைக்குத்தான் அக்கா."

"ஏ.சி. சரியாக்கியாச்சோ?"

"ஆச்சு. போடுதாவ."

"அப்போ சால்வை எடுக்கணும்."

அந்த ஞாயிறு தாசம்மாள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. செப்டம்பர் முதல் ஞாயிறு, திருவிருந்து நாளில், பாட்டு தொடங்கியபிறகு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சாம்பல் நிறச் சால்வை போர்த்தியிருந்தாள். மற்றவர்களோடு வரிசையில் போய்ப் பீடத்துக்கு முன்னால் முட்டிபோட்டு அப்பமும் ரசமும் வாங்கினாள். மேசையைப் பார்த்தாளா இல்லையா என்று ஜெயபாய்க்குத் தெரியவில்லை. ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே பக்கவாசல் வழியாக அவள் இறங்கிப் போனதை மட்டும் பார்த்தாள். பின்னால் ஓடிப்போய்ப் பேச வேண்டும் போலிருந்தது. போகவில்லை.